ஜாவாவில் வயல் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

நடு ஜாவாவின் நெல் கிராமங்களில் குறைந்த செலவில் வீடு எடுத்துத் தங்கலாம், கையில் இருக்கும் பணத்தை விவசாயத்தில் போடலாம் என்று சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து. இந்தோனேசிய நிலச் சட்டமும் விவசாயமும் தெரிந்தவர்களிடம் அவற்றைக் கொடுத்துப் பதில் வாங்கியிருக்கிறோம். பதில்களில் 'ரூபியா' என்று வருவது அவர்கள் நாணயம். நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 185 ரூபியா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே லட்சம், கோடி கிடையாது. 'ஜுத்தா' என்றால் பத்து லட்சம், 'மில்யார்' என்றால் நூறு கோடி. பேரம் பேசும்போது இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: நண்பர் மூலமாக நடு ஜாவாவில் முக்கால் ஏக்கர் நஞ்சை விலைக்கு வருகிறது. வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாதாம். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் பதிந்துவிட்டு, அவரிடம் கடன் பத்திரமும் பவரும் எழுதி வாங்கிக்கொள்ளலாம், நோட்டரியே எழுதித் தருவார் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: செய்யாதீர்கள்.

இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். முழு உரிமைக்கு அங்கே 'ஹக் மிலிக்' என்று பெயர். அது இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என்கிறது 21ஆம் பிரிவு. உங்கள் நண்பருக்கு அதுவரை தெரிந்திருக்கிறது. அவர் படிக்காதது 26ஆம் பிரிவு. நேராகவோ சுற்றிவளைத்தோ ஹக் மிலிக் நிலம் வெளிநாட்டவர் கைக்குப் போகும்படி செய்யும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. 'சுற்றிவளைத்து' என்ற சொல்லுக்குள் உங்கள் கடன் பத்திரமும் பவரும் அப்படியே அடங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டில் வழக்கமாக நான்கு தாள் இருக்கும். உள்ளூர்க்காரர் பெயரில் கிரயப் பத்திரம், நிலத்தின் விலையை நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்ததாக ஒரு ஒப்பந்தம், ரத்து செய்ய முடியாத பவர், நீண்ட காலக் குத்தகை. தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் ஒழுங்கான தாள்கள். நான்கையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் நீதிபதிக்கு உள்நோக்கம் உடனே தெரிந்துவிடும். பெயர் கொடுத்தவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் வருவார்கள். அவர் மனைவி, 'இது எங்கள் பொதுச் சொத்து, நான் கையெழுத்துப் போடவில்லை' என்பார். அவசரத்துக்கு அவரே அந்தச் சான்றிதழை வங்கியில் அடகு வைத்திருப்பார். நீங்கள் வழக்குப் போட்டால் சட்டத்தை மீறியவர் நீங்கள்தான் என்று உங்கள் மனுவே சொல்லும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. விவசாய நிலத்தின் சொந்தக்காரர் அந்த நிலம் இருக்கும் வட்டாரத்திலேயே, அல்லது பயிர் பார்க்க முடிகிற பக்கத்து வட்டாரத்தில், குடியிருக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டின் 224ஆம் எண் அரசாணை. ஜகார்த்தாவில் வேலை பார்ப்பவர் பெயரில் கிராமத்து நஞ்சையைப் பதிந்தால் அதுவே தனிக் குற்றம்.

நம் பக்கத்தில் பர்மா கதை தெரியாத வீடு கிடையாது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் கைக்கு வந்து சேர்ந்து, 1938இல் 25 விழுக்காடானது. அதெல்லாம் முறைப்படி பெயரில் ஏறிய நிலம். ஆட்சி மாறி நிலச் சட்டம் மாறியபோது அந்தப் பத்திரங்களே காப்பாற்றவில்லை. பெயரே ஏறாத நிலத்துக்கு எதை நம்பிப் பணம் கொடுப்பீர்கள்?

கேள்வி: வாங்க முடியாது என்றால் ஒத்திக்கு எடுக்கலாமா? முறையான வழிதான் என்ன?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஒத்தி அங்கேயும் உண்டு, 'கடாய்' என்பார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வயலை விட்டுக்கொடுப்பார், பணம் திரும்பும்வரை விளைச்சல் உங்களுக்கு. கேட்க நம் ஊர் ஒத்தி போலவே இருக்கும், ஆனால் 1960ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டம் அதன் கணக்கையே மாற்றிவிட்டது. ஏழு ஆண்டு அனுபவித்த ஒத்தி நிலத்தை, நிற்கும் பயிரை அறுத்த ஒரு மாதத்துக்குள், ஒரு காசு கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பு மீட்டாலும் முழுப் பணம் வராது. ஏழரையிலிருந்து அனுபவித்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, ஒத்திப் பணத்தால் பெருக்குங்கள். 7 கோடி ரூபியாவுக்கு ஒத்தி எடுத்து மூன்றாம் ஆண்டு முடிவில் மீட்டால் உங்களுக்கு வருவது 4.5 கோடி. விளைச்சலிலேயே அசல் தேய்ந்துவிட்டது என்பது சட்டத்தின் பார்வை. கிராமத்தில் பல இடங்களில் பழைய வழக்கப்படியே முழுப் பணம் கைமாறுகிறது. வழக்கென்று போனால் இந்தச் சூத்திரம்தான் நிற்கும். வெளிநாட்டவர் கடாய் எடுத்தால் அந்த வழக்கில் நிற்கவும் அவருக்குத் தகுதி இருக்காது.

முறையான வழிகளில் எளிது வீட்டுவாடகை. தோட்டத்தோடு கூடிய கிராமத்து வீட்டை ஆண்டுக் கணக்கில் 'செவா' எடுக்கலாம். ஆண்டு வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். வாடகை வருமானத்துக்கு 10 விழுக்காடு வரி உண்டு. அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், பின்னால் சண்டை வருவது இதில்தான்.

தங்கும் அனுமதி இருப்பவர் 'ஹக் பகாய்' என்ற பயன்பாட்டு உரிமையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு வைத்துக்கொள்ளலாம். மனை 2,000 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். காலம் 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30. ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தபட்ச விலை உண்டு, அது கிராமத்து வீட்டு விலையைவிட மிக உயரம். இது வீட்டுக்கு மட்டும், வயலுக்கு இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம். முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூபியாவுக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். தோட்ட நிலத்துக்கான 'ஹக் குணா உசாஹா' உரிமை ஐந்து ஹெக்டேரில் தொடங்குகிறது. 35, 25, 35 ஆண்டுகள். சிறு தொழிலும் குறுந்தொழிலும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. முக்கால் ஏக்கர் கனவோடு இந்தக் கதவைத் தட்டக் கூடாது.

எங்கள் அபிப்பிராயத்தில் நம் வட்டாரத்துக்காரருக்கு ஏற்றது நான்காவது வழி: மண்ணை விட்டுவிட்டு விளைபொருளை வாங்குவது. கிராம்பு, ஜாதிக்காய், சுருள்பட்டை, பன்யுமாஸ் பக்கத்துத் தென்னஞ்சர்க்கரைத் தூள் இவற்றை அங்குள்ள கூட்டுறவுச் சங்கத்திடம் வாங்கி இங்கே இறக்கலாம். இறக்குமதி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். மசாலாப் பொருளுக்கு அனுப்பும் நாட்டின் பயிர்நலச் சான்றும் வேண்டும். 2010 முதல் நடப்பில் இருக்கும் ஆசியான்–இந்தியா ஒப்பந்தப்படி பல பொருளுக்குச் சுங்கச் சலுகை உண்டு. அதற்கு 'ஏஐ படிவம்' என்ற பிறப்பிடச் சான்று சரக்கோடு வர வேண்டும். படிவத்தில் உள்ள சரக்கு எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் துறைமுகத்தில் சலுகை போய்விடும். சரக்கு ஏறும் முன்பே நகல் வாங்கிச் சரிபாருங்கள்.

கேள்வி: என் மகன் யோக்யகர்த்தா பக்கத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். சம்பந்தி வீட்டில் மகளுக்கு வயலும் வீட்டு மனையும் எழுதிவைக்கிறேன் என்கிறார்கள். மருமகள் வெளிநாட்டான் மனைவி என்பதால் நிலம் வைத்துக்கொள்ள முடியாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: பயப்பட வேண்டாம் ஆச்சி, சரிசெய்யக்கூடிய விஷயம்தான். 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்குவது இருவருக்கும் பொது. தானமாகவோ வாரிசாகவோ வருவது அவரவர் சொந்தம். ஆகவே சம்பந்தி மகளுக்குத் தானமாக எழுதித் தருவது மருமகளுடையது. ஆனால் பிறகு இருவரும் சேர்ந்து பக்கத்து வயலை வாங்கினால் அதில் மகனுக்குப் பாதி என்று ஆகும். வெளிநாட்டவர் பங்கு கலந்த ஹக் மிலிக்கை ஓராண்டுக்குள் கைமாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போகும்.

இதற்கு மருந்து சொத்துப் பிரிவினை ஒப்பந்தம். முன்பு கல்யாணத்துக்கு முன்னால்தான் எழுத முடியும். அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 69/2015 எண் வழக்கில் 2016இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணம் முடிந்தவர்களும் எழுதலாம். நோட்டரியிடம் எழுதிப் பதிவு அலுவலகத்தில் குறிப்பு ஏற்ற வேண்டும். குறிப்பு ஏறாத ஒப்பந்தம் வெளியாரைக் கட்டுப்படுத்தாது. தான நிலத்துக்கு இது தேவையில்லை என்றாலும், பத்திர அதிகாரி கேட்பார், வங்கியும் கேட்கும். இப்போதே முடித்துவிடச் சொல்லுங்கள்.

பத்திரத்தில் மூன்று பார்க்க வேண்டும். நிலத்துக்கு அரசுச் சான்றிதழ் இருக்கிறதா, அல்லது 'கிரிக்', 'லெட்டர் சி' என்ற பழைய வரிக் காகிதம் மட்டும்தானா? நம் ஊரில் தீர்வை ரசீதை வைத்துப் பட்டா என்று சொல்ல முடியாதது போலத்தான் அது. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசாணை கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2026 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. இனி அந்தக் காகிதம் உரிமைச் சான்று ஆகாது, துணைத் தடயம் மட்டுமே. இரண்டாவது, அது 'பெங்கோக்' நிலமா? ஊர்த் தலைவருக்கும் அலுவலருக்கும் சம்பளத்துக்குப் பதிலாக விட்டிருக்கும் ஊர்ப் பொது நிலம் அது. எழுதித்தர யாருக்கும் உரிமையில்லை. மூன்றாவது, யோக்யகர்த்தாவுக்கே உரியது: சுல்தான் நிலம். வீடு கட்டிக் குடியிருக்கலாம், மண் அரண்மனைக்குச் சொந்தம்.

பேரக் குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி அவர்கள் 18 வயதுவரை அங்கே இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கலாம், 21க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆயா வீட்டு வயல் பேரனுக்கு வர வேண்டுமென்றால் அவன் எந்தக் குடியுரிமையில் நிற்கிறான் என்பதே அதை முடிவுசெய்யும்.

கேள்வி: இங்கே அரிசி ஆலை நடத்துகிறோம். ஜாவா கிராமத்தில் சிறு ஆலை போட்டால் கட்டுப்படியாகுமா?
– வாசகர், புதுவயல்

பதில்: முதலில், அங்கே புழுங்கல் அரிசி சாப்பிடுவதில்லை. உங்கள் ஊறல் தொட்டி, கொதிகலன், அவிப்பு அனுபவம் எதற்கும் வேலையில்லை. எல்லாம் பச்சை நெல்லை அரைப்பதுதான்.

இரண்டாவது, நெல் விவசாயி வீட்டுக்கே வருவதில்லை. 'தெபாசான்' என்ற முறையில் வியாபாரி வரப்பில் நடந்து, கதிரைப் பார்த்து, வயல் மதிப்பை வாயால் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவார். அறுப்பு அவர் ஆள், அவர் இயந்திரம். ஆலைக்காரருக்கு நெல் வேண்டுமென்றால் அந்த வியாபாரியோடு உறவு வேண்டும். போதாததற்கு வண்டியில் பொருத்திய நடமாடும் அரவை இயந்திரம் தெருத் தெருவாக வந்து, வீட்டுக்கு வைத்திருக்கும் நெல்லையும் அரைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

கணக்கைப் பாருங்கள். அறுத்த ஈர நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை 2025 ஜனவரி முதல் கிலோ 6,500 ரூபியா. 25 விழுக்காடு ஈரம் வரை உள்ள அந்த நெல்லை 14க்கு உலர்த்திப் பதரும் தூசும் நீக்கினால் 100 கிலோ ஏறத்தாழ 83 கிலோவாகும். அதை அரைத்தால் 64 விழுக்காடு, அதாவது 53 கிலோ அரிசி. நெல் விலை மட்டுமே அரிசி கிலோவுக்கு 12,260 ரூபியா விழுகிறது. நடுத்தர அரிசிக்கு ஜாவாவில் 2025 ஆகஸ்டில் விதித்த சில்லறை உச்ச விலை 13,500. இடையில் நிற்பது 1,240 ரூபியா, நம் காசில் ஏழு ரூபாய்க்கும் குறைவு. அதற்குள் வண்டிக் கூலி, உலர்த்தல், அரவை, மின்சாரம், கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். தவிடும் உமியும் கை கொடுக்கும், அவ்வளவுதான். சிறு ஆலைகள் திணறுவதற்குக் காரணம் இதுவே.

பணம் உண்மையில் தேவைப்படும் இடம் உலர்த்தி. பெரிய அறுவடை பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை, மழையின் நடுவில். களம் நனைந்து கிடக்கும், நெல் அம்பாரமாகக் குவிந்திருக்கும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பாக இருந்தால் அரிசி மஞ்சளாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பிடி நெல்லை உரித்து வெள்ளைத் துணியில் பரப்பினால் மஞ்சள் மணிகள் தனியாகத் தெரியும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த மஞ்சள் போகாது. உமியை எரித்து இயங்கும் படுகை உலர்த்தியில் காற்று 43 டிகிரியைத் தாண்டாமலும், நெல் அரை மீட்டருக்கு மேல் ஆழமில்லாமலும், இடையிடையே கிளறிவிட்டும் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மணிக்குள் விரிசல் விழும். விரிசல் அரவையில்தான் தெரியும், நொய்யாக. உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஆலையோ உலர்த்தியோ உங்கள் பணத்தில் வைக்க மேலே சொன்ன 1,000 கோடி ரூபியா வரம்பு குறுக்கே நிற்கும். அங்குள்ள சங்கங்களுக்கு உலர்த்தி இயந்திரம் செய்து விற்பது உங்களுக்குப் பொருத்தமான தொழில்.

கேள்வி: கிராமத்து விவசாயிகளுக்கு நடவு நேரத்தில் கடன் கொடுத்து வட்டி வாங்கலாமா?
– வாசகர், கண்டனூர்

பதில்: கூடாது. இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர் வெளிநாட்டில் அந்நியருக்குக் கடன் கொடுக்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை. பச்சைப் பயிருக்கு முன்பணம் கொடுத்துக் குறைந்த விலைக்கு எடுப்பதற்கு அங்கே 'இஜோன்' என்று பெயர். விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரச் சாகுபடியில் அதை 1960ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம் தடைசெய்திருக்கிறது. வட்டிக்கு விடுபவரைக் குறிக்கும் 'ரென்டெனிர்' என்ற சொல் கிராமத்தில் வசைச்சொல். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அந்த ஊரில் உங்களுக்கு யாரும் வீடு விடமாட்டார்கள்.

கேள்வி: செங்கோன் மரம் நட்டு ஐந்து ஆண்டில் பணத்தை மூன்று மடங்காக்கித் தருவதாக விளம்பரம் வந்தது. நம்பலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: மரம் உண்மை, மடங்குக் கணக்கு பொய். செங்கோன் வேகமாக வளரும் மென்மரம். ஜாவாவில் ஒட்டுப்பலகைக்கும் பெட்டிக்கும் போகிறது, ஐந்து முதல் ஏழு ஆண்டில் வெட்டலாம். மூன்றுக்கு மூன்று மீட்டரில் நட்டால் ஹெக்டேருக்கு 1,111 கன்று. விளம்பரத்தில் அந்த 1,111ம் கடைசிவரை நிற்கும். காட்டில் நிற்காது. பனிமூட்டம் இறங்கும் மேட்டு நிலத்தில் 'கரத் புரு' என்ற துருநோய் வந்து, கிளையில் பழுப்புக் கட்டிகள் புடைக்கும். இளங்கன்று அப்படியே காய்ந்துவிடும். தாழ்வான இடத்தில் 'போக்தோர்' என்ற தண்டுத் துளைப்பான் மூன்று வயதுக்கு மேல் அடிமரத்தைக் குடையும். அடிமரத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தால் அதுதான். விலை அடிமரத்தின் சுற்றளவைப் பொறுத்தது. மெல்லிய மரம் ஏறக்குறைய விறகு விலைக்குத்தான் போகும். லாரி ஏறாத சரிவில் நிற்கும் மரத்துக்கு வெட்டுக்கூலியும் சுமைக்கூலியும் போக மிஞ்சுவது சொற்பம்.

தேக்குத் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் நம் மாநிலத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அங்கே பொதுமக்களிடம் முதலீடு திரட்ட ஓஜேகே என்ற நிதிச் சேவை ஆணையத்தின் அனுமதி வேண்டும்; அனுமதியில்லாத திட்டங்களின் பட்டியலை அதன் 'சத்காஸ் பாஸ்தி' குழு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இல்லை என்பது மட்டும் போதாது, அனுமதி எண்ணைக் கேளுங்கள். 'போராங்' என்ற கிழங்குக்கும் இப்படித்தான் விளம்பரம் பறந்தது. ஆளாளுக்கு நட்ட பிறகு 2022இல் விலை விழுந்தது.

கேள்வி: கிராமத்து வீடு வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? மருமகள் மனையில் கட்டுவதானால்?
– வாசகர், கோட்டையூர்

பதில்: மின் இணைப்பிலிருந்து தொடங்குங்கள். மீட்டரில் எழுதியிருக்கும் எண் 450, 900, 1,300 அல்லது 2,200 விஏ (இணைப்பு தாங்கும் மின்திறன் அளவு). அதற்கேற்ற பிரேக்கர் 2, 4, 6, 10 ஆம்பியர். கிராம வீடுகளில் 450ம் 900ம்தான் அதிகம். 900இல் அரிசிக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஒரு குதிரைத் திறன் நீர்மூழ்கி மோட்டார் கிளம்பும்போதே விழும். கிரைண்டரும் மோட்டாரும் வேண்டுமென்றால் 2,200க்கு ஏற்றித் தரச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கடையில் வாங்கும் 20 இலக்க எண்ணை மீட்டரில் அடித்தால் யூனிட் ஏறும். மீட்டர் கீச்சிடத் தொடங்கினால் யூனிட் தீரப்போகிறது.

கட்டுவதானால் நம் ஊர் வீட்டை மறந்துவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவரும் ஓட்டுப் பாரமும் நிலம் அசையாத ஊருக்கானவை. யோக்யகர்த்தாவை 2006 மே 27 அதிகாலையில் உலுக்கிய நிலநடுக்கத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கம்பி கட்டாத செங்கல் சுவர் சரிந்து விழுந்துதான். சுவர்களை ஒன்றாகக் கட்டிப்பிடிக்கும் கான்கிரீட் சட்டம் வேண்டும்: அடிமட்டத்தில் ஒரு பட்டை, மூலைக்கு மூலையும் மூன்று மீட்டருக்கு ஒன்றும் தூண், மேலே சுற்றிவரும் பட்டை. தூணில் 10 மில்லிமீட்டர் கம்பி நான்கு, 8 மில்லிமீட்டர் ரிங் 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. ரிங்கின் முனை வெறுமனே செங்கோணத்தில் மடிந்திருந்தால் குலுக்கலில் பிரிந்துவிடும். 135 டிகிரிக்கு உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கான்கிரீட் போடும் முன் நீங்களே குனிந்து பாருங்கள், கொத்தனார் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். அடிப்பட்டை, தூண், மேல்பட்டை மூன்றின் கம்பியும் சந்திக்கும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து நாற்பது சென்டிமீட்டர் போக வேண்டும். சுவர்ச் செங்கல்லைத் தூணோடு பிணைக்கக் கம்பித் துண்டும் விடுங்கள்.

மெராப்பி எரிமலைப் பக்கம் என்றால் ஆபத்து மண்டல வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த மண்டலம் என்று ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆற்றங்கரை மனை மலிவாக வருகிறது என்றால், மழைக்காலத்தில் எரிமலைச் சேறு இறங்கும் தடம் அது.

கேள்வி: பணம் அனுப்புவதும் விசாவும் எப்படி?
– வாசகர், அரியக்குடி

பதில்: வங்கி மூலம் ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீடு, சொத்துக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும்; வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு வெளிநாட்டுச் சொத்து விதிகள் பொருந்தாது. வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்கு எதுவானாலும் வரி அறிக்கையின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். உள்ளூர்க்காரர் கணக்குக்கு 'பராமரிப்பு' என்று சொல்லி அனுப்பி நிலத்தில் போடுவது இரண்டு நாட்டுச் சட்டத்தையும் மீறுவதாகும்.

விசா: போய் இறங்கியதும் வாங்குவது 30 நாள், கட்டணம் 5 லட்சம் ரூபியா, மேலும் 30 நாள் ஒருமுறை நீட்டிக்கலாம். அதற்கு மேல் தங்கிப்போனால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். இந்த விசாவில் பண்ணையை நிர்வகிப்பதும் வேலையாகவே கருதப்படும். கிராமத்தில் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம், அதாவது 'பாக் எர்டே'யிடம், பாஸ்போர்ட் நகலோடு போய்ச் சொல்லுங்கள். தெருமுனைப் பலகையிலேயே அது எழுதியிருக்கும்.

கேள்வி: சைவச் சாப்பாடு, ஊர்ப் பழக்கம்?
– வாசகி, நாட்டரசன்கோட்டை

பதில்: சோயாவில் செய்யும் தெம்பேயும் தாஹுவும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சம்பலில் 'தெராசி' என்ற இறால் விழுது கலந்திருக்கும். 'தன்பா தெராசி' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். உளுந்தை இங்கிருந்து கொண்டுபோங்கள்.

மாதம் ஒருமுறை தெரு சுத்தம் செய்ய எல்லாரும் இறங்குவார்கள், 'கெர்ஜா பக்தி'. முறை வைத்து இரவுக் காவலும் உண்டு. வயதானவர் வர முடியாவிட்டால் பலகாரம், காப்பி அனுப்புவது வழக்கம். கல்யாணத்துக்கு உறையில் மொய் கொடுக்காமல் இருக்கக் கூடாது. பெண்கள் கூடும் 'அரிசான்' நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், ஆனால் தள்ளு கிடையாது. குலுக்கலில் வந்தவருக்கு முழுத் தொகை. சிறு தொகை அரிசான் ஒன்றில் சேர்வது, யார் யார் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை. லெகி, பாஹிங், போன், வகே, க்ளிவோன் என்று ஜாவாக் கிழமை. உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போய்ப் பார்ப்பது நல்லது?
– வாசகர், கொத்தமங்கலம்

பதில்: இரண்டு முறை போங்கள். தரகர்கள் அழைப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். எல்லாம் பச்சையாக இருக்கும். நீங்கள் ஒருமுறை ஜனவரியில் போய்ப் பாதையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குக் கறை என்று பாருங்கள். மறுமுறை ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில். யோக்யகர்த்தாவுக்குத் தென்கிழக்கே குனுங் கிடுல் சுண்ணாம்புக்கல் மேடு. மழை முழுவதும் பாறைக்குள் இறங்கிவிடும், ஊர்க் குளம் வற்றும், லாரியில் தண்ணீர் வரும். ஊரணி வற்றினால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதத்தில் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் எந்த உறைவரை நிற்கிறது, கயிறு எத்தனை முழம் இறங்குகிறது, பக்கத்து வீட்டுப் பெண் எந்தக் கிணற்றில் மொள்கிறாள் என்று பார்த்த பிறகு வாடகை பேசுங்கள்.